நிழல் தெற்கே விழும் ஊர்

1966ஆம் ஆண்டு பிறந்ததும் இலங்கையில் ஞாயிற்றுக்கிழமை விடுமுறை இல்லாமற்போனது. அமாவாசை, பூரணை, இவற்றின் நடுவே வரும் இரண்டு அரைநிலா நாட்கள் என மாதத்தில் நான்கு போயா தினங்களை அரசு ஓய்வு நாட்களாக்கியது. பள்ளிக்கூடம், கச்சேரி, வங்கி எல்லாம் சந்திரனைப் பார்த்துத் திறந்தன, சந்திரனைப் பார்த்து மூடின. ஒரு பூரணைக்கும் அடுத்த பூரணைக்கும் இடையில் சராசரியாக 29.53 நாட்கள். அதை நான்கால் வகுத்தால் 7.38 வரும். ஆகவே சில வாரங்களுக்கு ஏழு நாள், சில வாரங்களுக்கு எட்டு நாள். போதாக்குறைக்குச் சந்திரன் எப்போதும் ஒரே வேகத்தில் ஓடுவதும் இல்லை. அடுத்த ஓய்வு நாள் எந்தக் கிழமையில் வரும் என்று அறிய நாட்காட்டியைப் புரட்டாமல் முடியாது.

வெளிநாட்டு வணிகத்துக்கு இது சரிப்படவில்லை. 1971இல் சனி, ஞாயிறு திரும்பி வந்தன. பூரணை மட்டும் விடுமுறையாகத் தங்கிவிட்டது. அரசியல் எப்படியோ போகட்டும். வானியலின் முதற்பாடமான சந்திர மாதத்தை ஒரு நாடு முழுவதும் ஐந்து ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தே படித்தது என்பது சாதாரண விடயம் அல்ல.

கேகாலை மாவட்டத்துப் புளத்கொகுபிட்டியவைச் சுற்றியுள்ள தேயிலை, றப்பர் தோட்டங்களின் தமிழர்களுக்கு நிலாவைப் பார்த்து நாள் குறிக்க அரசாணை தேவைப்படவில்லை. மலையகத் தோட்டங்களில் மாசி அமாவாசை கழிந்து மூன்றாம் பிறை தெரிந்ததும் காமன் கூத்துக்குக் காமன் நடுவார்கள். பூரணையை ஒட்டிக் காமன் எரிவான். கூத்து முழுவதும் வளர்பிறையின் அளவுக்குள் அடங்கியது. அமாவாசைக்கு மறுநாள் பிறை கண்ணுக்குத் தெரிவது அரிது, சூரியனுக்குப் பின்னாலேயே அதுவும் மறைந்துவிடும். மூன்றாம் நாள் மேற்கே தெளிவாக நிற்கும் என்பது லயத்துப் பெரியவர்களுக்குத் தெரியும். தைப்பூசம், பங்குனி உத்திரம், கார்த்திகை எல்லாம் அந்தந்த மாதத்துப் பூரணையை ஒட்டி வரும் நட்சத்திரங்களின் பெயர்கள்தான். பூரணைச் சந்திரன் எந்த நட்சத்திரத்தருகே நிற்கிறதோ, சூரியன் அதற்கு நேர் எதிர்ப்பக்கம் இருக்கிறது என்பதே இதன் உட்பொருள். கோயில் திருவிழாவுக்குள் இவ்வளவு வானியல் இருக்கிறது என்பதைப் பாடசாலை இவர்களிடம் சொன்னதாகத் தெரியவில்லை.

பஞ்சாங்கம் இவர்களுக்குத் தமிழ்நாட்டிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் வந்தது. வாக்கிய பஞ்சாங்கம் கணிக்கப்படும் முறையைப் பற்றி நல்ல மாணவன் ஒருவன் கேள்விப்பட்டால் வியந்துபோவான். சந்திரன் பூமிக்கு மிக அருகில் வந்து, விலகிப்போய், மறுபடி அருகில் வர ஏறத்தாழ 27.55 நாட்கள் ஆகும். இப்படி ஒன்பது சுற்று முடிந்தால் 248 நாட்கள். கணக்குக் கிட்டத்தட்ட மிச்சமில்லாமல் முழு எண்ணாக முடிகிறது. எனவே 248 நாட்களுக்குச் சந்திரன் நாளொன்றுக்கு எவ்வளவு நகரும் என்று ஒரு தடவை கணித்துவிட்டால், அதற்குப் பிறகு அதே பட்டியலைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாம். அந்த 248 எண்களையும் எழுத்துகளாக மாற்றி, ஒவ்வொன்றையும் ஒரு சிறு வாக்கியமாகக் கட்டி மனப்பாடம் செய்தார்கள். இந்த வாக்கியங்களை மரபு வரருசியின் பெயரில் சொல்கிறது. கையில் தாள் இல்லை, எழுதுகோல் இல்லை; தரையில் சோழிகளை வைத்தும் நகர்த்தியும் கூட்டிக் கழித்தார்கள்.

இதைக் கண்ணால் பார்த்து எழுதிவைத்த வெளிநாட்டவர் இருவர். பிரெஞ்சு வானியலாளர் லெ ஜான்டில் வெள்ளி சூரியனைக் கடப்பதைப் பார்க்கக் கப்பல் ஏறியவர். 1761இல் போரினால் நடுக்கடலில் மாட்டிக்கொண்டு வாய்ப்பை இழந்தார். எட்டு ஆண்டு காத்திருந்து 1769இல் புதுச்சேரியில் தொலைநோக்கியை நிறுத்தினார். அன்று காலை மேகம் மூடிவிட்டது. அந்த மனிதருக்குக் கிடைத்த ஆறுதல், அங்கிருந்த தமிழர் ஒருவரிடம் கிரகணக் கணக்கைக் கற்றது. 1765 ஆகஸ்ட் 30ஆம் திகதிச் சந்திர கிரகணத்தின் நீளத்தைத் தமிழ்முறை 41 செக்கன் குறைத்துச் சொன்னது; அன்றைய ஐரோப்பாவின் சிறந்த அட்டவணையான மாயருடையது 68 செக்கன் கூட்டிச் சொன்னது.

இதைக் கேட்டு மார்தட்டுகிறவர்கள் அடுத்த கதையையும் கேட்க வேண்டும். 1825இல் ஜோன் வாரன் என்ற படை அதிகாரி அதே புதுச்சேரியில் ஒரு பஞ்சாங்கக்காரரைக் கண்டார். அவரும் சோழி வைத்து அவ்வாண்டு மே 31 இரவுக் கிரகணத்தைக் கணித்தார். தொடக்கம் 4 நிமிடம்தான் பிசகியது. நடுவம் 23 நிமிடமும் முடிவு 52 நிமிடமும் பிசகின. தான் பயன்படுத்திய அட்டவணை எப்படிப் பிறந்தது என்பது அவருக்கே தெரியாது. பல நூற்றாண்டுக்கு முன் யாரோ வானத்தைப் பார்த்து அளந்தது, கைமாறிக் கைமாறி வெறும் மனப்பாடமாக வந்து சேர்ந்திருந்தது. இந்த முறையின் வலிமை, பலவீனம் இரண்டும் அதுதான்: வானத்தை ஏறிட்டுப் பார்க்காமலே கிரகணத்தைச் சொல்லலாம், பிசகினால் ஏன் பிசகியது என்று சொல்ல முடியாது.

இரண்டு வழிகளும் நேருக்கு நேர் மோதியது யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையில். அமெரிக்க மிஷன் அங்கே 1823இல் ஓர் உயர்கல்லூரியைத் தொடங்கியது. டானியல் பூவர் அதன் முதல் அதிபர். கணிதமும் இயற்கைத் தத்துவம் என்று அன்று அழைக்கப்பட்ட பௌதிகவியலும் வானியலும் அங்கே தமிழ் மாணவர்களுக்குக் கற்பிக்கப்பட்டன. அராலியில் விசுவநாத சாஸ்திரி என்ற புகழ்பெற்ற பஞ்சாங்கக் கணிதர் இருந்தார். 1829 மார்ச் 20 இரவு சந்திர கிரகணம் என்று அவருடைய பஞ்சாங்கமும் சொன்னது, பூவரின் ஐரோப்பியக் கணக்கும் சொன்னது. எப்போது தொடங்கும், எவ்வளவு நேரம் நீடிக்கும், சந்திரனில் எவ்வளவு பங்கு மறையும் என்ற மூன்றிலும் இருவரும் வேறுபட்டார்கள். பூவர் இதை முன்கூட்டியே ஊரறியச் செய்தார். அன்றிரவு வானம் பூவரின் பக்கம் நின்றது.

பூவர் அதோடு விடவில்லை. பஞ்சாங்கம் பிழை, எனவே புராணம் பிழை, எனவே சமயமும் பிழை என்று வாதத்தை வளர்த்தார். இங்கேதான் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். சாஸ்திரியும் பாம்பு விழுங்கும் நேரத்தைக் கணிக்கவில்லை. அவருடைய கணக்கில் ராகுவும் கேதுவும் சந்திரனின் பாதை சூரியனின் பாதையை வெட்டும் இரண்டு புள்ளிகள் மட்டுமே. சந்திரனின் பாதை ஏறத்தாழ 5 பாகை சரிந்திருப்பதால்தான் ஒவ்வொரு பூரணைக்கும் கிரகணம் வருவதில்லை. அந்தப் புள்ளிகளின் அருகே பூரணை நேர்ந்தால் மட்டுமே வருகிறது. இந்த வடிவ கணிதத்தில் அராலிக்கும் அமெரிக்காவுக்கும் சண்டையே இல்லை. மோதியவை ஒரு பழைய அட்டவணையும் ஒரு புதிய அட்டவணையும். புதியது வென்றது, வென்றதற்கு மேலேயும் உரிமை கொண்டாடியது.

இருந்தாலும் அந்தக் கல்லூரி செய்த பணி பெரிது. 1841இல் அதே மிஷன் தொடங்கிய உதயதாரகை, தமிழிலும் ஆங்கிலத்திலுமாக அறிவியல் செய்திகளை ஊருக்குக் கொண்டுபோனது. பூவருக்குப் பின் வந்த ஹென்றி ஹொய்சிங்டன் எதிர்த்தரப்பின் நூலைத் தள்ளிவைக்காமல் உட்கார்ந்து படித்தார். 1848இல் தமிழ்ச் சோதிட வானியல் நூல் ஒன்றை ஆங்கில மொழிபெயர்ப்போடும் குறிப்புகளோடும் யாழ்ப்பாணத்தில் அச்சிட்டார். அங்கே படித்துக் கணிதம் கற்பித்த கரோல் விசுவநாதபிள்ளை 1855இல் தமிழில் வீசகணிதம் என்ற இயற்கணித நூலை வெளியிட்டார். அதே 1855இல் கல்லூரி மூடப்பட்டது.

கடல் தாண்டிச் சென்னையில் இன்னொரு வழியும் தோன்றியது. அங்கே 1792இல் எழுந்த கிழக்கிந்தியக் கம்பனியின் வானாய்வு நிலையத்தில் உதவியாளராக இருந்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி 1867இல் தென்வானில் ஒளி மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டறிந்தார். ஆர் ரெட்டிகுலி என்பது அதன் பெயர். 1874 டிசம்பர் 9ஆம் திகதி வெள்ளி சூரியனைக் கடந்தபோது, அதைப் பொதுமக்களுக்கு விளக்கும் சிறுநூலை எழுதி இந்திய மொழிகள் சிலவற்றில் வெளியிட்டார். பஞ்சாங்கத்தை நேரில் நோக்கித் திருத்த வேண்டும் என்றும் வாதாடினார். மரபுக் கணக்கும் தொலைநோக்கியும் ஒரே மனிதரிடம் சேர்ந்திருந்தன. பூவரிடமும் சாஸ்திரியிடமும் இல்லாதது அந்தச் சேர்க்கைதான்.

வட்டுக்கோட்டையில் பையன்கள் கெப்ளரின் விதிகளைப் படிக்கத் தொடங்கிய அதே 1820களில், கண்டி மலைகளில் முதல் கோப்பித் தோட்டங்கள் திறக்கப்பட்டன. தமிழ்நாட்டிலிருந்து கங்காணிகளின் பின்னால் நடந்து வந்தவர்களுக்கு அந்தக் கல்லூரி இருந்தது தெரிந்திருக்க நியாயமில்லை. கோப்பி அழிந்து தேயிலை வந்தது, றப்பர் வந்தது, களனிப் பள்ளத்தாக்கு முழுவதும் லயங்கள் எழுந்தன. தோட்டத்துப் பிள்ளைகளுக்குக் கல்வி கொடுக்க வேண்டும் என்று சட்டம் பேசியது 1907இல். 1920இல் அது இறுக்கப்பட்டது. அப்போதும் ஆறு முதல் பத்து வயது வரைதான். ஒரு மண்டபம், ஒரு வாத்தியார், வாசிப்பு, எழுத்து, கொஞ்சம் கணக்கு. காலையில் பிள்ளை பள்ளிக்கூடம், பிறகு கொழுந்துக் கூடை. தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்கத் தொடங்கியது 1970களின் பிற்பகுதியில். வட்டுக்கோட்டைக்கும் புளத்கொகுபிட்டியவுக்கும் நிலத்தில் இடைவெளி 300 கிலோமீற்றர்கூட இல்லை. விஞ்ஞான பாடத்தில் அது ஒன்றரை நூற்றாண்டாக இருந்தது. இன்றும் இவ்வூர் உள்ள சப்ரகமுவ மாகாணத்தில் தமிழில் உயர்தர விஞ்ஞானம் படிக்க நினைக்கும் பிள்ளைக்கு வழி எளிதல்ல.

பாடம் வராத காலத்திலும் பௌதிகவியல் தோட்டத்தில் வேலை வாங்கிக்கொண்டுதான் இருந்தது. விடிவெள்ளி மங்கும்போது பெரட்டுக்கு, அதாவது காலை ஆள்கணக்குக்கு, போக வேண்டும். றப்பர் மலையில் பால்வெட்டு விடியற்காலையிலேயே நடக்கும். இரவு முழுவதும் இலைகள் நீராவியை அதிகம் விடாததால் மரத்தின் பால்குழாய்களில் அமுக்கம் உச்சத்தில் இருக்கும். வெட்டியதும் பால் நன்றாக ஓடும். வெயில் ஏற ஏற இலைகள் நீரை இழக்கும், அமுக்கம் இறங்கும், பால் சுருங்கும். பால்வெட்டுக்காரர் பட்டறிவாக வைத்திருப்பது இதுதான்.

பாடநூல் ஒருவழியாகத் தோட்டத்துக்கு வந்தபோது அதில் இருந்த வானம் வேறு ஊருடையது. உலகெங்கும் புழங்கும் தொடக்கநூல்களின் படங்கள் ஐரோப்பிய அகலக்கோட்டில் வரையப்பட்டவை. நண்பகல் சூரியன் தெற்கே நிற்கும், நிழல் வடக்கே விழும், துருவ விண்மீன் நடுவானில் மாணவனுக்கு வழிகாட்டும், ஆண்டு நான்கு பருவங்களாகப் பிரியும். புளத்கொகுபிட்டிய இருப்பது வடக்கு அகலக்கோடு 7 பாகைக்குச் சற்று மேலே. அங்கே துருவ விண்மீன் தொடுவானுக்கு மேல் 7 பாகைதான் ஏறும். வடக்கே ஒரு மலை இருந்தால் போதும், வாழ்நாள் முழுவதும் அதைப் பார்க்காமலே இருக்கலாம். பதிலுக்குத் தென்வானம் தாராளமாகத் திறந்திருக்கிறது: தென்சிலுவை 20 பாகைக்கு மேல் ஏறி நிற்கும், ரகுநாதாச்சாரி கண்ட விண்மீன் சென்னையில் இருப்பதைவிட ஆறு பாகை உயரத்தில் கடக்கும்.

நிழல்தான் இன்னும் வேடிக்கை. ஏப்ரல் 7 அல்லது 8ஆம் திகதி நண்பகலில் சூரியன் அந்த ஊரின் நேர் உச்சிக்கு வருகிறது. நட்ட கம்பின் நிழல் காணாமற்போகிறது. அடுத்த நாளிலிருந்து சூரியன் உச்சிக்கு வடக்கே நகர்ந்துவிடும். செப்டம்பர் 4 அல்லது 5 வரை, ஏறத்தாழ ஐந்து மாதம், நண்பகல் நிழல் தெற்கே விழும். ஜூன் 21இல் ஒரு மீற்றர் கம்புக்கு 29 சென்ரிமீற்றர் நிழல், தெற்கு நோக்கி. டிசம்பர் 21இல் 59 சென்ரிமீற்றர், வடக்கு நோக்கி. ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் உள்ள வித்தியாசம் வெறும் 50 நிமிடம்தான். கோடை, குளிர் என்று புத்தகம் சொல்வதை இந்தப் பிள்ளை எதைக் கொண்டு உணர்வான்? அவனுக்குத் தெரிந்த பருவங்கள் தென்மேற்கு மழையும் இடைக்கால இடிமழையும். பூமியின் அச்சு 23.4 பாகை சரிந்திருக்கிறது என்பதற்கு வெயிலையும் குளிரையும்விட, நிழல் பக்கம் மாறுவதுதான் அவன் முற்றத்தில் கிடைக்கும் சாட்சி. ஒவ்வொரு ஏப்ரலிலும் வளிமண்டலவியல் திணைக்களம் சூரியன் இலங்கைக்கு உச்சம் கொடுக்கும் நாட்களை ஊர் ஊராக அறிவிக்கிறது; செய்தியில் அது வெப்ப எச்சரிக்கையாகக் கடந்துபோகிறது.

சித்திரைப் புத்தாண்டும் இதே வாரங்களில்தான். சூரியன் மேடத்துக்குள் நுழையும் நேரம் என்று மருத்துநீர் வைக்கிறோம். ஒரு காலத்தில் அது பகலும் இரவும் சமமாகும் நாளை ஒட்டியிருந்தது. பூமியின் அச்சு மெல்லச் சுழல்வதால் 72 ஆண்டுக்கு ஒரு பாகை வீதம் விலகி, இப்போது 24 நாள் தள்ளி நிற்கிறது. வாக்கியமும், நவீன அளவீட்டைக் கொண்டு கணிக்கும் திருக்கணிதமும் புண்ணியகாலத்துக்கு வெவ்வேறு நேரம் சொல்வதன் காரணமும் இரகசியம் அல்ல: வாக்கிய முறையின் ஆண்டு நவீன அளவீட்டைவிட மூன்று நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதலாக நீள்கிறது, ஆண்டுதோறும் அந்த மூன்று நிமிடம் சேர்ந்துகொண்டே போகிறது.

மணிக்கூட்டுக்கும் இந்தத் தீவில் ஒரு வரலாறு உண்டு. 1906இல் இலங்கை கிரீன்விச்சுக்கு ஐந்தரை மணி முந்திய நேரத்தை ஏற்றது. அந்த நேரத்துக்குரிய நெடுங்கோடு 82.5 பாகை, புளத்கொகுபிட்டிய 80.3. பாகைக்கு 4 நிமிடம் என்பதால் அங்கே சூரியன் உச்சிக்கு வருவது சராசரியாக 12 மணி 8 நிமிடம் கடந்த பிறகுதான். போர்க்காலத்தில் 1942இல் நேரம் முன்னே தள்ளப்பட்டது, 1945இல் பழையபடி ஆனது. 1996இல் வறட்சியால் நீர்மின்சாரம் தட்டுப்பட்டபோது மே 25ஆம் திகதி ஒரு மணி நேரம் முன்னே போனது. நண்பகல் என்பது பகல் ஒரு மணி கடந்து வந்தது, பிள்ளைகள் இருள் விலகாத வேளையில் பாடசாலைக்குக் கிளம்பினார்கள். அக்டோபரில் அரை மணி குறைந்தது. வன்னியில் விடுதலைப் புலிகள் பழைய நேரத்தையே வைத்திருந்ததால் ஒரே தீவில் இரண்டு மணி ஓடியது. 2006 ஏப்ரலில் எல்லாம் ஐந்தரைக்குத் திரும்பின. இத்தனை மாற்றத்திலும் பால்வெட்டுக்காரர் மட்டும் சூரியனின் நேரத்தை விட்டு நகர முடியாது. மரம் அரசிதழ் படிப்பதில்லை.

ஈர்ப்பு ஆர்முடுகலும் ஊருக்கு ஊர் மாறும். புத்தகங்கள் 9.81 என்று எழுதும், பரீட்சை 10 என்று எடுத்துக்கொள்ளச் சொல்லும். புளத்கொகுபிட்டியவின் அகலக்கோட்டில் அது கடல்மட்டத்தில் 9.78. 1672இல் பாரிஸிலிருந்து தென்னமெரிக்காவின் கயேனுக்குப் போன ஜோன் ரிஷே, தன் ஊசல் கடிகாரம் நாளுக்கு இரண்டரை நிமிடம் பிந்துவதைக் கண்டார். பூமி சுழல்கிறது, நடுவில் புடைத்திருக்கிறது என்பதற்கு நியூட்டன் கையில் எடுத்த சான்றுகளில் அதுவும் ஒன்று. கயேன் இருப்பது வடக்கு 5 பாகையில், கிட்டத்தட்ட நம் அகலக்கோட்டில். ஒரு நூல், ஒரு கல், கைத்தொலைபேசியின் நேரமானி இருந்தால் சப்ரகமுவவின் எந்தப் பாடசாலையிலும் அந்த எண்ணை எட்டிப் பார்க்கலாம்.

அதைவிடப் பெரிய சோதனை ஒன்று கேட்பாரில்லாமல் கிடக்கிறது. வட்டுக்கோட்டையும் புளத்கொகுபிட்டியவும் ஏறத்தாழ ஒரே நெடுங்கோட்டில், தெற்கு வடக்காக 290 கிலோமீற்றர் இடைவெளியில் இருக்கின்றன. எரட்டோஸ்தனிஸ் எகிப்தில் இரண்டு ஊர்களைக் கொண்டு பூமியை அளந்தது போலவே இங்கும் அளக்கலாம். புளத்கொகுபிட்டியவில் நிழல் மறையும் நாளின் நண்பகலில் வட்டுக்கோட்டையில் 3 மீற்றர் கம்புக்கு ஏறத்தாழ 14 சென்ரிமீற்றர் நிழல் இருக்கும். அந்த அளவிலிருந்து 2.6 பாகை கோணம் கிடைக்கும். 290ஐ 360ஆல் பெருக்கி 2.6ஆல் வகுத்தால் பூமியின் சுற்றளவு 40,000 கிலோமீற்றரை ஒட்டி வந்து நிற்கும். நிழலின் நுனி மங்கலாக இருக்கும், ஏனெனில் சூரியன் புள்ளி அல்ல, அரைப் பாகை அகலமான வட்டு. மங்கலின் நடுவை எடுக்க வேண்டும். ஒரு சென்ரிமீற்றர் தவறினால் விடை 3,000 கிலோமீற்றர் அளவுக்கு ஓடிவிடும். அந்தப் பிழையைக் கணிப்பதும் பாடத்தில் சேர்ந்ததே.

ஏப்ரல் நாள் பெரும்பாலும் விடுமுறையோடு மோதும். செப்டம்பர் நாளை எடுத்துக்கொள்வது நல்லது: 4ஆம் அல்லது 5ஆம் திகதி, மேகம் விட்டால், பகல் 12 மணி 7 நிமிடம் அளவில். தோட்டப் பாடசாலை விஞ்ஞான ஆசிரியர் ஒருவரும் யாழ்ப்பாணத்து ஆசிரியர் ஒருவரும் தொலைபேசியில் பேசிக்கொண்டால் போதும். இருவரிடமும் ஒரு கம்பும் ஒரு தூக்குக் குண்டும் ஓர் அளவு நாடாவும் இருக்க வேண்டும்; வேறு செலவு கிடையாது.